சோபிக்காத மாற்று வீரரை வைத்திருப்பதா, விடுவதா: கழகங்களுக்கு ஒரு வழிமுறை

பருவம் முடிந்ததும் சனசமூக நிலைய மண்டபத்தில் கூடும் கழகக் கூட்டத்தில், வரவு செலவு வாசித்து முடிந்து பிளேன்ரீ வருவதற்குள் யாராவது ஒருவர் அந்தப் பெயரை எடுத்துவிடுவார். "அவனை அடுத்த வருசத்துக்கும் ஏன் வச்சிருக்கிறியள்? இறங்கின மட்ச் ஒண்டிலையும் ஒண்டும் செய்யேல்லை." நாலு தலைகள் ஆடும், விடயம் முடிந்துபோகும். அந்த முடிவை அந்தக் கூட்டத்தில் எடுக்கக் கூடாது. கிராமக் கழகமொன்றின் உதைபந்தாட்ட அணிக்குப் பல பருவங்கள் முகாமையாளராக இருந்தவன் நான். மாற்று வீரரைப் பற்றி நாம் உறுதியாக வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு ஆதாரம் கேட்டால், பெரும்பாலும் ஓர் அரைமணி நேர ஆட்டத்துக்கு மேல் எவராலும் காட்ட முடிவதில்லை.

ஆகவே முதல் வேலை கொப்பியை எடுப்பதுதான். ஒவ்வொரு போட்டியிலும் யார் எந்த நிமிடத்தில் உள்ளே போனார், எந்த இடத்தில் ஆடினார், அப்போது கோல் எண்ணிக்கை எவ்வளவு என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும்; எழுதாத கழகம் இந்தப் பருவத்திலிருந்தாவது தொடங்கலாம். ஐந்து போட்டிகளில் 80ஆவது நிமிடத்தில் இறங்கியவர் மொத்தமாக ஆடியது 50 நிமிடங்கள், அதாவது ஒரு முழு ஆட்டத்தின் பாதிக்குச் சற்று மேல். அந்த 50 நிமிடங்களும் ஐந்து துண்டுகளாக, உடம்பு சூடேறுவதற்கு முன்பே முடிந்துபோனவை. அவற்றில் மூன்று, அணி இரண்டு கோல்களால் பின்தங்கி எல்லோரும் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னே அடித்துக்கொண்டிருந்த வேளையாக இருந்திருந்தால், அதை வைத்து ஒருவரின் தரத்தை அளக்க முடியாது. கணக்கைப் பார்த்த பிறகும் "போதிய நேரம் கொடுத்தோம், சோபிக்கவில்லை" என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அடுத்த கேள்வி, அவரை எந்த வேலைக்காக வைத்திருக்கிறோம் என்பது. முதல் பதினொருவரில் ஒருவர் காயப்பட்டால் அந்த இடத்தை அடைப்பதற்காகவா, ஆட்டத்தின் போக்கை மாற்றுவதற்காகவா, இரண்டு வருடத்தில் முதல் அணிக்கு வருவார் என்று வளர்ப்பதற்காகவா? இடத்தை அடைக்க வைத்திருப்பவரிடம் கோல் எதிர்பார்ப்பதும், 17 வயதுப் பையனிடம் பின்களத்துப் பொறுமையை எதிர்பார்ப்பதும் நம்முடைய தவறுகளே. 2019 மே 7ஆம் திகதி, ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், பார்சிலோனாவிடம் முதற்கட்டத்தில் 3-0 எனத் தோற்றிருந்த லிவர்பூல் அணிக்கு மொஹமட் சலாவும் ரொபேர்ட்டோ ஃபிர்மினோவும் இல்லாத நிலையில், அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை மாற்று வீரராகக் கழித்த டிவொக் ஒரிகி முன்களத்தில் இறங்கி இரண்டு கோல்களைப் போட்டார். லிவர்பூல் 4-0 என வென்றது. இறுதிப் போட்டியிலும் பின்னர் இறங்கி ஒரு கோல் போட்டார். இந்தக் கதையை நமது கூட்டங்களிலும் சொல்லாதவர் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லா மாற்று வீரரையும் காப்பாற்ற முயல்வது சரியல்ல. ஒரிகியைப் போலக் காத்திருந்து, கடைசிவரை ஒன்றும் நடக்காமல் போனவர்களின் பெயர் நமக்கு நினைவிலேயே இல்லை.

இரண்டாவது கோல் காப்பாளரை மட்டும் வேறு அளவுகோலால் அளக்க வேண்டும். அவருக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைப்பதில்லை. 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்தும் கொஸ்டாரிக்காவும் கோலின்றி நின்றபோது, மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் பயிற்றுநர் லூயி வான் கால் தன் முதல் காப்பாளரை வெளியே எடுத்து, அந்தத் தொடரில் அதுவரை ஒரு நிமிடமும் ஆடியிராத டிம் குருலை இறக்கினார். சமநிலை தவிர்ப்புத் தண்ட உதைகளில் குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. அடுத்த சுற்றில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிராகவும் ஆட்டம் சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. மாற்றங்கள் எல்லாம் முடிந்திருந்ததால் குருலை இறக்க முடியவில்லை, நெதர்லாந்து தோற்றது. நமது ஊர்ச் சுற்றுப்போட்டிகளிலோ விலகல் முறை ஆட்டங்கள் பல தண்ட உதையில்தான் முடிகின்றன. இரண்டாவது காப்பாளரைச் சோதிக்க மூன்று மாலைகள் போதும்: இருபக்கமும் தாழ்வாக வரும் பந்துகள், ஆட்கள் நெருக்கி நிற்கையில் உயரமாக வரும் மூலை உதைகள், களைத்த பிறகு பத்துத் தண்ட உதைகள். செம்பாட்டுத் தரையில் பந்து காய்ந்த கட்டியில் பட்டுத் திசைமாறி எழும்பும் என்பதால், தாழ்ந்த பந்துக்கு அவர் கைக்குப் பின்னால் உடம்பையும் கொண்டுவருகிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். முதல் காப்பாளரையும் அதே மாலையில் அதே பந்துகளுக்கு நிறுத்துங்கள். வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

காரணத்தைத் தேடுவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எங்களிடம் ஒரு மத்தியகள வீரர் இருந்தார்; முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுவார், பிறகு நடப்பார். சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டோம். ஒருநாள் மாலைப் பயிற்சியில் சப்பாத்து நாடாவைக் கட்டத் தெரியாதவர் போல் தடுமாறிக்கொண்டிருந்தவரின் கைகளைப் பார்த்தேன்: வலை இழுத்த விரல் நுனிகள் ஊறி வெளிறி, மடிப்புகளில் தோல் வெடித்திருந்தது, கணுக்காலில் உப்புக் காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கடலுக்குப் போய், காலையில் மீனைச் சந்தையில் விட்டு, வலையைச் சிக்கெடுத்து, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு மைதானத்துக்கு வந்திருக்கிறார். எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குருநகர், நாவாந்துறை, பாசையூர், மயிலிட்டி போன்ற யாழ்ப்பாணக் கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் செழித்ததும் இத்தகைய பிள்ளைகளால்தான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் அவருடைய ஊரில் இருந்ததால், கடினமான பயிற்சியை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். பெரிய நட்சத்திரமாக அவர் மாறிவிடவில்லை; ஆனால் 60 நிமிடம் ஓடினார், நமக்கு அது போதுமாக இருந்தது. மறைத்து வைத்த முழங்கால் வலி, உயர்தரப் பரீட்சை, பழக்கமில்லாத இடத்தில் ஆட வைத்தது, கோட்டுக்கு வெளியே நின்று ஓயாமல் திட்டும் பயிற்றுநர் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். வீரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

இனி, அவர் போனால் அந்த இடத்தில் யார்? இந்தக் கேள்விக்கு விடை பெயராக இருக்க வேண்டும். "யாரையாவது பார்க்கலாம்" என்பது விடையல்ல. நமது ஊரில் ஒரு வருடத்துக்குள் ஒருவர் வெளிநாடு போய்விடுவார், இன்னொருவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போவார், மூன்றாமவரை வீட்டார் பரீட்சை முடியும்வரை மைதானப் பக்கம் விடமாட்டார்கள். 2022இல் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்பது விளையாட்டு விதிகளில் நிரந்தரமாகியது. மூன்று மாற்றங்கள் மட்டும் இருந்த காலத்தைவிடப் பதினைந்தாவது, பதினாறாவது ஆளின் பெறுமதி இப்போது கூடுதல். உள்ளூர்ப் போட்டிகளில் மாற்றங்களின் எண்ணிக்கையை ஏற்பாட்டாளர் வகுப்பதால், அணிக்கு 7 பேர், 9 பேர் என்று நடக்கும் சுற்றுப்போட்டிகளின் விதித்தாளையும் பதிவுசெய்யக்கூடிய பெயர்களின் தொகையையும் முதலில் வாசித்துவிட்டுத்தான் ஆட்களைக் கணக்கிட வேண்டும்.

வைத்திருப்பதற்கும் விலை உண்டு. ஒருவரை இரண்டு வருடங்கள் நாங்கள் விடாமல் வைத்திருந்தோம். நிர்வாகத்தில் இருந்த ஒருவருக்கு அவர் மச்சான் முறை, மனம் நோகச் செய்ய எவருக்கும் விருப்பமில்லை. அவருக்குப் பின்னால் காத்திருந்த பையன் ஒருநாளும் இறங்கவில்லை. மூன்றாம் வருடம் அவன் பக்கத்து ஊரின் மேற்சட்டையோடு வந்து எங்களுக்கு எதிராகவே இரண்டு கோல்களைப் போட்டபோது, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலரும் கை தட்டினார்கள். பிழை எங்களுடையது. ஆகவே வைத்திருப்பதால் வழி அடைபடும் இளையவர் உண்டா என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். உண்டென்றால், இருவரும் சமமாகத் தெரியும்போது இளையவருக்கே இடம் என்பது என் கட்சி.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால் ஆறு வாரத் தவணை கொடுக்கலாம். அந்த ஆறு வாரத்தில் சிநேகபூர்வ ஆட்டங்களில் குறைந்தது நான்கு முழுப் பாதிகள் அவருக்குரிய இடத்திலேயே ஆட விட வேண்டும். திருந்த வேண்டியவற்றை இரண்டுக்கு மேல் சொல்லக் கூடாது: "பந்து பறிபோனால் நின்று பார்க்காமல் திரும்பி ஓட வேண்டும்" என்பதுபோல் கண்ணால் கண்டு சரி, பிழை சொல்லக்கூடியவையாக அவை இருக்கட்டும். பயிற்றுநரும் அணித்தலைவரும் தனித்தனியே குறித்து வைத்து, தவணை முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தால் உறவுமுறையின் சாய்வு கொஞ்சமாவது குறையும்.

விடுவதென்று முடிவானால், பயிற்றுநரே நேரில் சொல்ல வேண்டும். வட்ஸ்அப் குழுவில் பெயர் நீக்கப்பட்டதைப் பார்த்து அறிந்துகொள்ளும் நிலையும், தேநீர்க்கடையில் வேறொருவர் வாயால் கேட்கும் நிலையும் வரக் கூடாது. "தம்பி, இந்த வருசம் உனக்கு இஞ்சை இடம் தர ஏலாமல் கிடக்கு" என்று நேராகச் சொல்லி, காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். "அப்ப ஜேர்சியைத் தரட்டோ, அண்ணை?" என்று ஒருவர் என்னைக் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம், வைத்துக்கொள் என்று சொல்லத் தெரிந்தது பிறகுதான். விடுகைக் கடிதத்தை மட்டும் கையொப்பம் வைத்து அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். பதிவு முடியும் திகதிக்குப் பிறகு கிடைக்கும் கடிதத்தைக் கொண்டு அவர் அந்தப் பருவத்தில் வேறெந்தக் கழகத்துக்கும் ஆட முடியாது.