பழைய பந்தயக் கார் முன் நின்று ‘ஒரிஜினலா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய கார்கள் வரிசை கட்டினால், பந்தயக் காரைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “ஒரிஜினலா?” முதல் தவறே அதுதான்.

வில்லியனூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். பழுதான மரத்தை மாற்றுவார்கள், அச்சை மாற்றுவார்கள். பல ஊர்த் தேர்களுக்குத் திருச்சி பெல் செய்த இரும்புச் சக்கரமே வந்துவிட்டது. அதற்காகத் தேர் வேறு என்று யாரும் சொல்வதில்லை. பந்தயக் காரும் அப்படித்தான். ஒவ்வொரு பந்தயத்திலும் ஏதாவது உடையும், மாறும்.

1929, 1930 இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ‘ஓல்டு நம்பர் ஒன்’ காரை 1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. வாங்க வந்தவர்கள் இது அந்தக் காரே இல்லை என்றார்கள். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929-இல் ஓடிய இரும்பில் மிஞ்சியிருந்தது மிகக் கொஞ்சம். ஆனாலும் பாகங்கள் சிறிது சிறிதாக மாறியதால் காரின் தொடர்ச்சி அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு காரும் இல்லை என்று நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். அதனால், எந்தப் பாகம் எந்த வருடத்தது, கார் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேளுங்கள். நடுவில் பத்து வருடம் காணாமல் போயிருந்தால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

அடுத்த தவறு, சேசிஸ் (காரின் அடிச்சட்டகம்) நம்பர் தகட்டை அப்படியே நம்புவது. நாலு ரிவெட் அடித்தால் தகடு மாறிவிடும். நாட்டு எல்லை தாண்டும்போது காட்டும் சுங்கத் தாளில் உள்ள எண்ணோடு பொருந்தட்டும் என்று பந்தயக் குழுக்களே தகடுகளை மாற்றிய காலமும் உண்டு. ஆகவே எண் பொருந்தினால் உண்மை என்றோ, பொருந்தாவிட்டால் மோசடி என்றோ உடனே முடிவு கட்டக் கூடாது. அடிச்சட்டகத்திலேயே பஞ்ச் செய்த எண் இருந்தால் அதையும் பாருங்கள்.

தாள்களிலும் ஏமாறுகிறோம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தரும் ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட், கார் அந்தக் காலத்துத் தொழில்நுட்ப விவரங்களுக்கு ஒத்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அது எந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதற்குச் சான்று அல்ல. நம் நாட்டில் பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த ‘வி.ஏ.’ பதிவு எண்ணும் அப்படியே. ஐம்பது வயது தாண்டிய வண்டி என்பதோடு அதன் பேச்சு முடிந்தது.

நம் பக்கத்தில் அடிக்கடி கேட்பது, “இது சோழவரத்தில் ஓடின கார்.” சென்னைக்கு அருகே அங்கிருந்த விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் கார் பந்தயம் நடக்கும். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். படத்தில் உள்ள பந்தய எண்ணை வைத்து நம்பாதீர்கள், அது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். ரிவெட் வரிசை, காற்றுத் துளைகள், வெல்டிங் தழும்பு ஆகியவற்றைப் படத்தோடு ஒப்பிடுங்கள். கோவையின் பந்தய வீரர் கரிவர்தன் உருவாக்கிய, மாருதி 800 இன்ஜின் பொருத்திய ஃபார்முலா மாருதி போன்ற கார்கள் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அன்று கை வைத்த மெக்கானிக்குகள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதி வைக்காமல் காலம் தள்ளுகிறோமே, எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அப்புறம், கூட்டத்தின் நடுவே “இது டூப்ளிகேட்” என்று சத்தம் போடாதீர்கள். பல உரிமையாளர்கள், தமக்கு விற்றவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். ஒருமுறை நானே அப்படிக் கேட்டு ஒரு பெரியவரின் முகம் வாடிப்போனது. மறுநாள் காலை தனியாகப் போய், “ஐயா, பழைய பில், கடிதம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார்.