குடிலுக்குப் பின்னால் ஒளி வட்டங்கள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸுக்காக வாசலில் ஸ்டார், முன்னறையில் குடில், சுவரெல்லாம் சீரியல் லைட். அந்தச் சுவரோடு பிள்ளைகளை ஒட்டி நிறுத்தி எடுப்பதில்தான் படம் கெடுகிறது. பின்னால் விளக்குகள் உருண்டையாக மலர, கேமரா விலையை விட இடைவெளிதான் முக்கியம்.

ஆள் கேமராவிலிருந்து 1 மீட்டரில் இருக்கட்டும். விளக்கு ஆளுக்குப் பின்னால் 2 மீட்டராவது தள்ளி. அறை சிறிதென்றால் ஆளை வாசல்படியில் உட்கார வைத்து, விளக்கை உள்ளறைச் சுவரில் கட்டலாம். 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 (லென்ஸ் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 1600, ஷட்டர் 1/50 நொடி. ஷட்டரை 1/250-க்கு ஏற்றாதீர்கள். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. மலிவு எல்இடி சரம் அதோடு சேர்ந்து அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பாதி வட்டங்கள் காணாமல் போகும். சரத்தின் பட்டனை அமுக்கி, மாறி மாறி மின்னும் ஓட்டத்தை நிறுத்தி நிலையாக எரியவிடுங்கள்.

கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் கையில் என்றால் 55-க்குத் திருகி, பொருளுக்கு அரை மீட்டர் வரை கிட்டப் போங்கள். விளக்கு கேமராவிலிருந்து 3 மீட்டரில் இருந்தால் வட்டம் ஏறக்குறைய அதே அளவுக்கு வரும். ஆனால் எஃப் 5.6-இல் உள்ளே வரும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குதான். கேமராவை ஸ்டூலில் வைத்து, 2 நொடி டைமரில், ஷட்டர் 1/5. துள்ளும் பிள்ளைக்கு இது ஆகாது. முந்திரிக்கொத்துத் தட்டுக்கும் குடில் பொம்மைக்கும் தோது.

ஃபிளாஷ் வேண்டாம். சுவரும் சேர்ந்து வெளுத்து வட்டங்கள் மங்கும். 9 வாட் மஞ்சள் பல்பு ஒன்றைப் பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி வைத்து, நடுவே வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். துணி பல்பில் படக்கூடாது. ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) 3500 கெல்வின். ஆட்டோவில் விட்டால் அந்த மஞ்சள் கதகதப்பைக் கேமரா கழுவிவிடும்.

வட்டத்துக்குப் பதில் நட்சத்திரம் வேண்டுமா? கறுப்பு அட்டையின் நடுவில் 1.5 செ.மீ. நட்சத்திரம் வெட்டி 50 எம்எம் லென்ஸ் முகப்பில் ஒட்டுங்கள். அந்த லென்ஸின் திறப்பே 2.8 செ.மீ.தான், அதைவிடப் பெரிதாக வெட்டினால் பழையபடி வட்டமே வரும்.

ஃபோனில், பின்னணியைத் தானே மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு முடியோரத்தையும் ஸ்டாரின் வாலையும் தின்றுவிடும். சாதா மோடில், பொருளுக்கு 10-15 செ.மீ. கிட்டத்தில் வைத்துத் தொட்டு ஃபோகஸ் செய்தால் நிஜ வட்டங்களே கிடைக்கும்.