பழைய புல்லட், பல வண்டிப் பாகங்கள்: ஓட வைக்கும் வழி

இது ஸ்டாண்டர்ட் 350 புல்லட்டுக்கான குறிப்பு. வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக், காஸ்ட் அயர்ன் பிளாக் (சிலிண்டர்), திறந்து மூடும் பாயின்ட் வழியே தீப்பொறி தரும் பாயின்ட் இக்னிஷன் உள்ள பழைய வண்டி. ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் இருந்து பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் வந்ததால், எந்த வருட வண்டியின் பாகமும் எதிலும் உட்காரும் என்று ஒரு பேச்சு உண்டு. உட்காரும், ஆனால் அப்படியே பொருந்தி விடாது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அரை நாள் சுற்றினால் பாகம் கிடைத்துவிடும். இரண்டு பாகங்கள் சேருகிற இடத்தைச் சரியாக்குவதில்தான் நேரமெல்லாம் போகும். எஞ்சின் பிரிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. முதலில் காகிதம்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் படிவம் 25-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி தேவை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் பிரிவு 52 அதைத்தான் சொல்கிறது. நம்பர் உள்ள எந்தப் பாகத்தையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

2. எதைப் பழையதாக வாங்கலாம்

பிளாக், ஹெட், கியர்பாக்ஸ் கூடு, ஃபோர்க், டேங்க், மட்கார்டு எல்லாம் காயலான் கடையில் தாராளமாக வாங்கலாம். பழைய இரும்பு நன்றாகவே இருக்கும். பாயின்ட், கண்டன்சர், ஆயில் சீல், கேபிள், செயின், பிரேக் ஷூ இவை புதிதுதான். இதில் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அப்புறம் நடுரோட்டில் நிற்க வேண்டி வரும்.

கிராங்க் கேஸில் இடது பாதி ஒரு வண்டியில் இருந்தும் வலது பாதி இன்னொரு வண்டியில் இருந்தும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இரண்டும் ஜோடியாகக் கடையப்பட்டவை. மாற்றிப் போட்டால் பேரிங் ஒரே கோட்டில் நிற்காது, கிராங்க் இறுக்கிப் பிடிக்கும்.

பிளாக் வாங்கும்போது எத்தனை முறை போர் அடித்திருக்கிறார்கள் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள்) என்று அளந்து பாருங்கள். ஒரிஜினல் போர் 70 மி.மீ. ஏற்கெனவே 60 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் போயிருந்தால் லைனர் (உள்ளே செருகும் புதுக் குழாய்) போட்டுத்தான் பயன்படுத்த முடியும். லேத் பட்டறைக்குப் போகும்போது புது பிஸ்டனையும் கையோடு கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போர் அடிப்பவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

3. மரை

மரை என்றால் போல்ட்டிலும் துளையிலும் உள்ள த்ரெட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கலந்து கட்டிய எஞ்சின்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

இங்கிலாந்து வடிவத்தில் இருந்து வந்த வண்டி என்பதால் பழைய புல்லட்டில் அங்குல மரைகள்தான். பின்னால் வந்தவற்றில் பல இடங்களில் மெட்ரிக் நுழைந்துவிட்டது. பல வருடத்துப் பாகங்களைச் சேர்த்தால் ஒரே எஞ்சினில் இரண்டு குடும்பமும் இருக்கும். அதைவிடச் சிக்கல், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பது. 5/16 அங்குல போல்ட்டை வெர்னியரில் வைத்தால் 7.9 மி.மீ.தான் காட்டும். 8 மி.மீ. போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 8 மி.மீ. சாதாரண மரையில் ஒரு அங்குலத்துக்கு 20 சுற்றுக்குச் சற்று மேல், 5/16 பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண் மரை) என்றால் 22, சைக்கிள் மரை என்றால் 26.

கையால் போட்டால் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து அங்கே பானா போட்டுத் திருகினால் அலுமினிய மரை சுருள் சுருளாக வெளியே வந்துவிடும். கால் அங்குலத் துளையில் 6 மி.மீ. போட்டால் நேர் எதிர்: லொடலொட என்று போகும், இறுக்கினால் நிற்காது.

செய்ய வேண்டியது இதுதான். எல்லா போல்ட், ஸ்டட்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஒவ்வொன்றிலும் த்ரெட் கேஜின் (மரை அளக்கும் பல் தகடுகளின்) பல்லை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசியாமல் பல் முழுதாக உட்கார்ந்தால் அதுதான் அந்த மரை. அதன் பிறகு துளைகள். அளவு தெரிந்த நல்ல போல்ட்டைக் கையால் மட்டும் கடைசி வரை போட்டுப் பாருங்கள். முழுதாகப் போனால் சரி. நின்றால் அந்த போல்ட் அங்கே சேராது. துளைக்கு எதிரே சாக்பீஸில் எழுதி வையுங்கள். மெட்ரிக், அங்குலம் என இரண்டு டப்பா தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் விலை ஒன்றும் பெரிதில்லை. நல்ல ரிங் ஸ்பேனர் செட் வாங்குவதற்கு முன்பே இதை வாங்கச் சொல்வேன்.

ஏற்கெனவே மரை போன துளைக்கு ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடுங்கள். எம்-சீல் வைத்து ஒட்டுகிற வேலை ஹெட் சூட்டில் நிற்காது.

4. டைமிங் பக்கம்

கிராங்க்கின் வலது நுனியில் ஆயில் பம்பை ஓட்டும் வோர்ம் நட் (திருகுப் பல் உள்ள நட்) இருக்கும். அது இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் அழுத்தி உடைத்த வோர்ம்கள் கடைகளில் நிறையக் கிடக்கும். வாங்கும்போது பற்களைப் பாருங்கள்.

டைமிங் கவரில் இருந்து கிராங்க்குக்கு ஆயில் போகும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கிறது. கவர் ஒரு வண்டியுடையது, கிராங்க் வேறு வண்டியுடையது என்றால் கவனம் முழுக்க இங்கே இருக்கட்டும். கார்க் அழுந்தாமல் நின்றால் ஆயில் வழியிலேயே கசியும், பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பேரிங்குக்கு) போகாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், நன்றாகவும் ஓடும், சில நூறு கிலோமீட்டரில் கனெக்டிங் ராடு தட்டும். புது கார்க்கை ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள்.

5. பாயின்டும் டைமிங்கும்

முதலில் பாயின்ட் இடைவெளி: முழுதாகத் திறந்திருக்கும்போது 0.35 முதல் 0.40 மி.மீ. இதை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள். வேறு வண்டி டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் உள்ளே இருக்கும் அட்வான்ஸ் வெயிட்களை (வேகம் ஏறும்போது விரிந்து தீப்பொறியை முன்கூட்டித் தருபவை) விரலால் விரித்து விடுங்கள். ஸ்பிரிங் தானாக இழுத்து மூட வேண்டும். மூடவில்லை என்றால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும்.

டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றி பிஸ்டனை கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் தாராளமாகச் சுற்றிவிட்டு, மறுபடி முன்னோக்கி மெதுவாக வந்து உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே நிறுத்துங்கள். எப்போதும் முன்னோக்கி வந்தே நிறுத்த வேண்டும். அப்போதுதான் பற்சக்கர லூஸ் கணக்கில் சேராது. வெயிட்கள் மூடிய நிலையில், பாயின்ட் நடுவே சிகரெட் தாள் ஒன்றை வைத்து, தாள் லேசாக நழுவும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்குங்கள்.

6. வோல்ட்

பழையவை 6 வோல்ட், பின்னால் வந்தவை 12. பேட்டரி, காயில், ஹார்ன், பல்ப், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே வோல்ட்டா என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். 6 வோல்ட் காயிலை 12-இல் ஓட்டினால் சுட்டுப் போகும். 12 வோல்ட் காயிலுக்கு 6 கொடுத்தால் தீப்பொறி சோர்ந்திருக்கும். வயரிங் ஹார்னஸைப் பழையதில் எடுக்கவே வேண்டாம்.

7. முதல் கிக்

டேப்பெட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்: புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. 20-50 ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றி, ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பில் ஆயில் வரும்வரை கிக்கரை மிதியுங்கள். வராமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிறகு சாவியைப் போட்டு மெதுவாக மிதித்தால் ஆம்ப்ஸ் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, டிகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவரை) பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, கிக்கரை மேலே விட்டு, முழுதாக ஒரு மிதி.

ஸ்டார்ட் ஆகி, ஐடிலிங் ஏறி ஏறி இறங்கினால் ஜெட்டைத் தொடாதீர்கள். கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் முகம் வளைந்திருக்கும். கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கட் போடுங்கள். காற்று கசியும்வரை எந்த டியூனிங்கும் நிற்காது.

பின்சேர்க்கை

இதைப் பார்த்து வண்டி கட்டிய சிலர், ஒரு மாதம் நிறுத்திவிட்டு எடுத்தால் வெள்ளைப் புகை கொட்டுகிறது, ரிங் போய்விட்டதா என்று கேட்டார்கள். ரிங்கைப் பிரிப்பதற்கு முன் கிராங்க் கேஸ் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைத் திறந்து பாருங்கள். தேய்ந்த பம்ப் வழியே ஆயில் மெல்ல கிராங்க் கேஸுக்கு இறங்கியிருக்கும். வடித்து, வடிகட்டி மறுபடி ஊற்றி ஸ்டார்ட் செய்தால் சில நிமிடத்தில் புகை நின்றுவிடும். நிற்காவிட்டால் அப்போது ரிங்கைப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் இப்படி இறங்கினால் பம்ப் டிஸ்க்கை மாற்ற வேண்டும். இதையும் புதிதாக, அது உட்காரும் முகத்தோடு சேர்த்துத் தேய்த்துப் போடுங்கள்.