சாக் புல்வெளில பட்டாம்பூச்சி தேடுறவங்க பண்ற தப்புங்க

லண்டன்லருந்து பாக்ஸ் ஹில், டென்பீஸ் ஹில்சைடு மாதிரி சாக், அதாவது வெள்ளை சுண்ணாம்புப் பாறைச் சரிவுங்களுக்குப் போயிட்டு "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் புல்லு"ன்னு வர்றவங்க நிறைய. பெரும்பாலும் தேதிதான் தப்பு. அடோனிஸ் புளூங்கற நீலப் பட்டாம்பூச்சி மே-ஜூன்ல ஒரு தடவ, ஆகஸ்ட்-செப்டம்பர்ல இன்னொரு தடவ வரும், ஜூலை நடுவுல போய் தேடுனா எங்க இருக்கும், அப்போதான் சாக்ஹில் புளூங்கற இன்னொரு நீலப் பூச்சி கிளம்பும், அதையாவது பாக்கலாம்.

அடுத்த தப்பு, நீலமா எது பறந்தாலும் அடோனிஸ்னு எழுதிக்கிறது. கலர நம்பவே நம்பாதீங்க, வெயில் சாஞ்சா அதுவும் மாறித் தெரியும். றெக்கை ஓரத்துல வெள்ளையா ஒரு விளிம்பு இருக்கும்ல, அதுல கறுப்புக் கோடு குறுக்க குறுக்க வெட்டுச்சுன்னா அடோனிஸ் இல்லன்னா சாக்ஹில், கோடே இல்லாம சுத்த வெள்ளைன்னா காமன் புளூ. அடோனிஸ், சாக்ஹில் ரெண்டுலயும் பொண்ணுங்க பிரவுன் கலர், அதப் பிரிச்சு சொல்றது அனுபவசாலிங்களுக்கே தலவலி, விட்டுருங்க.

பூச்சியவே பாத்துட்டு செடிய விடுறதுதான் என்னைக் கேட்டா பெரிய தப்பு. அடோனிஸ், சாக்ஹில் ரெண்டோட புழுவும் ஹார்ஸ்ஷூ வெட்ச்ங்கற மஞ்சப்பூ செடியத்தான் திங்கும். பக்கத்துலயே பேர்ட்ஸ்ஃபுட் டிரெஃபாயிலும் மஞ்சளா பூத்துக் கிடக்கும், குழம்பிடுவோம். இலைய குனிஞ்சு பாருங்க, வெட்ச்சுக்கு சின்னச் சின்ன இலை ஜோடி ஜோடியா வரிசையா இருக்கும், டிரெஃபாயிலுக்கு அஞ்சே அஞ்சு. தெக்கு பாத்த சரிவுல வெட்ச் இருக்கற எடமா பாத்து நின்னா போதும், அலைய வேணாம்.

ஆடு மேய விட்டு பூவெல்லாம் நாசம் பண்றாங்கன்னு சிலர் கோவப்படுறாங்க. அது அப்படியே தலகீழ். 1950கள்ல மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து முயலுங்க கூட்டமா செத்துச்சு, கடிக்க ஆளில்லாம புல்லு ஒசந்துச்சு, அடோனிஸ் பல எடத்துல காணாமப் போச்சு. அதுக்கு சூடான தரையும் கட்டப்புல்லும்தான் வேணும்.

தேனீ மாதிரி பூக்கற பீ ஆர்க்கிட் செடி ஃபோட்டோவுக்காக பாதைய விட்டு இறங்கி முட்டி போடுறவங்க, இன்னும் பூக்காத ஆர்க்கிட் இலைங்கள நசுக்கறது அவங்களுக்கே தெரியாது. அங்கங்க மேடு மேடா இருக்கறது மஞ்ச எறும்புப் புத்து, ஸ்டூல்னு நெனச்சு உக்காந்துறாதீங்க. ஷார்ட்ஸ் போட்டுட்டும் போகாதீங்க, டிக், அதாவது உண்ணி கடிக்கும், வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி செக் பண்ணுங்க.