வேலையில்லாத காலம் நீளும்போது நாம் செய்யும் தவறுகள்

என் அண்ணன் 14 மாதங்கள் வேலையில்லாமல் இருந்தார். தொடக்கத்தில் தினமும் மாலையில் போன் செய்து, "ஏதாவது தகவல் வந்துச்சாண்ணா?" என்று கேட்பேன். அக்கறையில்தான் கேட்டேன். மூன்றாவது மாதம் அவர் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்புறம் ஒருநாள் அண்ணிதான் சொன்னார்: "ஆறு மணி ஆனாலே உங்க போன் வந்துடுமோன்னு அவருக்குப் படபடப்பாயிடுது."

வேலை தேடுகிறவரின் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். "என்ன ஆச்சு?" என்று நாம் ஒரு முறை கேட்கிறோம். அவர் அதற்கு ஒரு நாளில் நான்கு பேரிடம் "இன்னும் இல்லை" என்று பதில் சொல்கிறார். நல்ல செய்தி இருந்தால் அவரே ஓடிவந்து சொல்லுவார். வாரத்தில் ஒருநாள், ஒரு நேரம் என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வேலை தேடுவதைப் பற்றிப் பேசலாம். மற்ற நாட்களில் அவரிடம் பேச உலகத்தில் வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. நாங்கள் ஞாயிறு காலையைக் குறித்துக்கொண்டோம். இரண்டு வாரத்தில் அவர் குரலே மாறிவிட்டது.

அடுத்த தவறு, வேலையில்லாதவரிடம் நேரம் நிறைய இருக்கிறது என்று நினைப்பது. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யாஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையை நெருக்கமாகக் கவனித்து 1933இல் அதை வெளியிட்டார்கள். கையில் அத்தனை நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். காலையில் இருந்து என்ன செய்தோம் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. வீட்டுவேலை தலைக்கு மேல் கிடந்த பெண்களின் நடை அப்படித் தளரவில்லை. சம்பளத்தோடு சேர்த்து வேலை நமக்கு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யாஹோடா பின்னர் விளக்கினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் உணர்வு, 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம், கை கால்களுக்குத் தொடர்ந்து ஏதோ ஒரு வேலை. வேலை போகும்போது இவை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அண்ணன் மதியம் வரை படுத்துக் கிடந்ததைச் சோம்பல் என்று நினைப்பதை நான் விட்டேன்.

அதனால், வேலை தேடுகிறவர் நாள் முழுக்கத் தேடக் கூடாது. கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் விழித்ததிலிருந்து தூங்கும் வரை போனில் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தால், தேடியதாகவும் இருக்காது, ஓய்வெடுத்ததாகவும் இருக்காது. காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேடிவிட்டு எழுந்துவிடுவது நல்லது. மிச்ச நேரத்தில் கொஞ்சம் நடை, ஏதாவது ஒரு பயிற்சி, வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே போய் யாரையாவது பார்ப்பது. எழும் நேரம் மட்டும் மாறவே கூடாது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பார்த்துட்டு வா" என்பது சின்ன வார்த்தை மாதிரித் தெரியும். கேட்கிறவருக்கு அந்த 'சும்மா' நாள் முழுக்க உறுத்தும். வீட்டுவேலையில் அவர் பங்கெடுப்பது நியாயம், அவருக்கும் நல்லது. எது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அவர் தேடும் அந்த மூன்று மணி நேரத்தை ஆபீஸ் நேரம் போலவே மதியுங்கள்.

வேலை போனதை மறைப்பது இன்னொரு பெரிய தவறு. வெட்கத்தில் ஆட்களைத் தவிர்க்கத் தொடங்கினால், எந்த வழியாக வேலை வருமோ அந்த வழி அடைபட்டுவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970களில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர், அரிதாகப் பார்ப்பவர் மூலமே மற்றவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். பழைய சக ஊழியர், கூடப் படித்தவர் ஆகியோருக்கு நாம் அறியாத இடங்கள் தெரியும். அவர்களிடம் "ஒரு வேலை வாங்கிக் கொடுங்க" என்று கேட்டால் தர்மசங்கடப்படுவார்கள். "உங்க பக்கம் இப்ப எப்படி ஆள் எடுக்கறாங்க?" என்று கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள்.

ஆனால் அவர் அனுமதியில்லாமல் குடும்பத்தார் ஊரெல்லாம் சொல்லக் கூடாது. உறவினர் கூடும் இடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் வராத விண்ணப்பங்களை எல்லாம் தன் தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதும் தவறு. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கற்பனை ரெஸ்யூமேக்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட, இன்டர்வியூவுக்கான அழைப்பு குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நடந்துவிட்டது. அந்த இடைவெளியே ஒரு சுவராக நின்றது. இதற்காக ரெஸ்யூமேயில் பொய் சொல்ல வேண்டாம், மாட்டிக்கொண்டால் இருக்கும் பெயரும் போகும். இடைவெளிக்கான காரணத்தை இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் செய்த பகுதிநேர வேலை, பயிற்சி, தன்னார்வப் பணி எதுவானாலும் காட்டுங்கள். ஒரு வருடம் தாண்டியதை நீண்டகால வேலையின்மை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகைப்படுத்துகிறது. அப்படி ஒரு தனி வகையே இருக்கிறது என்றால், அந்த நிலையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் நாளைத் தள்ளாதீர்கள். முதல் மாதமே வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிற எவரிடமும் பணம் கட்டாதீர்கள். உதவி செய்கிறவர், அது கடனா அன்பளிப்பா என்பதை முதலிலேயே சொல்லிவிடட்டும், நாலு பேர் முன்னால் கொடுக்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. "நான் இல்லாட்டி உங்களுக்காவது நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், தூக்கம், சாப்பாடு, குளியல் எல்லாம் கெட்டுப்போனால், விரக்தியில் பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பலருக்கு பாரம்தான் குறையும். தோன்றுகிறது என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் எல்லாவற்றையும் தானே சுமந்தார், யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது மாதம் சமையலறையில் நின்று அழுததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. துணை நிற்பவரிடமும் யாராவது "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். நாங்கள் தாமதமாகத்தான் கேட்டோம்.

வேலை கிடைத்த அன்றோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் மேலாளர் கூப்பிட்டாலே அண்ணனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, முதல் சம்பளம் வந்தும் செலவு செய்யப் பயந்தார். "இனிமே என்ன கவலை?" என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஞாயிறு காலைப் பேச்சை இன்னும் ஆறு மாதம் தொடர்ந்தோம்.