தொழிற்கூடத் தரைக்கு ஏற்ற ரெசின் பூச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கான்கிரீட்டின்மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் ரெசின் தரையைப் போட முடிவெடுத்து ஒப்பந்ததாரரை அழைக்கும் ஆலை நிர்வாகிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சதுர அடி என்ன விலை என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுபவரிடம் வேலையை ஒப்படைப்பது ஆபத்து என்றே நான் சொல்வேன். அந்தத் தரையின்மீது என்ன ஓடப்போகிறது, என்ன சிந்தப்போகிறது, எவ்வளவு சூடான நீரால் அதைக் கழுவப்போகிறார்கள், அடியில் இருக்கும் கான்கிரீட் எந்த நிலையில் இருக்கிறது என்பவை தெரியாமல் பூச்சின் வகையையோ கனத்தையோ சொல்ல முடியாது. அவை தெரியாமல் விலையும் சொல்ல முடியாது.

கோவை வட்டாரத்துப் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் நான் பார்த்த தரை இதற்கு நல்ல பாடம். போட்டு ஓராண்டுகூட ஆகாத 3 மி.மீ. எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவிடும் ஒரு ரெசின்) தரை, கேன் கழுவும் இடத்தில் மட்டும் அப்பளம்போல் உப்பி எழும்பியிருந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கையோடு வந்தது. அதன் அடிப்பக்கத்தில் கான்கிரீட்டின் மேல்தோல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சு நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. ஆனால் சூடு ஏறும்போது எபாக்ஸி கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும் தன்மை கொண்டது. கொதிநீரும் குளிர்ந்த நீரும் மாறி மாறி விழுந்த இடத்தில், அது விரிந்து சுருங்கிய இழுவையைத் தாங்க முடியாமல் கான்கிரீட்டே பெயர்ந்துவிட்டது. அதே ஆலையின் பொட்டலமிடும் கூடத்தில், அதே ஆட்கள் போட்ட அதே எபாக்ஸி ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தது.

ஆகவே தேர்வின் முதல் வேலை, கட்டிட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பகுதி பகுதியாக நடந்து பார்ப்பது. ஒவ்வொரு பகுதியிலும் எந்த வண்டி ஓடுகிறது, எந்த இரசாயனம் எந்தச் செறிவில் சிந்துகிறது, சிந்தியது எவ்வளவு நேரம் துடைக்கப்படாமல் கிடக்கிறது, நீரின் வெப்பநிலை என்ன, வெயில் நேரடியாக விழுகிறதா என்று அங்கே வேலை செய்பவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலாளர் சொல்வதைவிட, இரவுப் பணியில் தரையைக் கழுவுபவர் சொல்வது பயனுள்ளதாக இருக்கும். உற்பத்தியில் பயன்படும் பொருளைக் குறித்துக்கொள்பவர்கள், கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடாவையும் நைட்ரிக் அமிலத்தையும் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் எடையை எழுதுபவர்கள் அதன் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. பெரிய ரப்பர் டயர் கொண்ட ஃபோர்க்லிஃப்டைவிட, சிறிய கெட்டியான நைலான் சக்கரங்களில் ஒரு டன் சரக்கை இழுத்துச்செல்லும் கைவண்டி தரையை மோசமாகக் கிழிக்கும். அத்தனை எடையும் விரல் அகல இடத்தில் இறங்குவதே காரணம்.

எந்த இடத்துக்கு எந்த ரெசின்

வறண்ட, அறை வெப்பநிலையில் இருக்கும் கூடங்களுக்கு எபாக்ஸி இன்றும் நல்ல தேர்வு. கிடங்கு, இயந்திரப் பாகங்கள் பொருத்தும் கூடம், மருந்துப் பொட்டலமிடும் அறை, வாகனப் பணிமனை போன்ற இடங்களில் அது கெட்டியாகவும் துடைக்க எளிதாகவும் இருக்கும். எண்ணெய், டீசல், காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் ஆகியவற்றை நன்றாகத் தாங்கும். அதன் பலவீனங்கள் மூன்று: பொதுவான எபாக்ஸி ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், வெயில் பட்டால் மஞ்சளித்துச் சுண்ணாம்புபோல் உதிரும், பாலிலிருந்து வரும் லாக்டிக் அமிலம், ஊறுகாயிலும் சாயப்பட்டறையிலும் புழங்கும் அசிட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் அதை மெல்ல அரிக்கும்.

ஈரமும் சூடும் கரிம அமிலமும் சேர்ந்திருக்கும் இடங்களுக்கு, அதாவது பால் ஆலை, குளிர்பான ஆலை, இறைச்சிக் கூடம், பெரிய சமையற்கூடம் ஆகியவற்றுக்கு, சிமெண்ட் கலந்த பாலியூரித்தேன் தரையைத்தான் நான் பரிந்துரைப்பேன். இதைத்தான் தொழிலில் பியூ கான்கிரீட் என்கிறார்கள். சூட்டில் அது விரியும் அளவு கான்கிரீட்டின் அளவுக்கு நெருக்கமாக இருப்பதால், திடீர் வெப்ப மாற்றத்தில் பெயர்ந்து வருவதில்லை. இவ்வகைத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை 6 மி.மீ. கனத்தில் 80 டிகிரி வரையிலான சிந்தல்களையும், 9 மி.மீ. கனத்தில் நீராவியால் கழுவுவதையும் தாங்கும்படி தயாரிக்கப்படுகின்றன. ஓரளவு ஈரமுள்ள கான்கிரீட்டின்மீதும் இதைப் போடலாம் என்பது நம் ஊர்க் கட்டிடங்களுக்குப் பெரிய உதவி. விலை எபாக்ஸியைவிடக் கூடுதல்தான். நிறங்களும் குறைவு, கண்ணாடிபோன்ற பளபளப்பும் கிடைக்காது. ஆனால் இந்த இடங்களில் மலிவான எபாக்ஸியைப் போட்டு, பின்னர் உற்பத்தியை நிறுத்திப் பெயர்த்தெடுப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுத்தான் அந்த விலையைப் பார்க்க வேண்டும்.

கந்தக அமிலம் சிந்தக்கூடிய மின்கல அறைகள், முலாம் பூசும் கூடங்கள் ஆகியவற்றுக்கு, அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும் ரெசின்களான நோவலாக் எபாக்ஸி அல்லது வினைல் எஸ்டர் தேவைப்படும். குளிர்பதனக் கிடங்கை ஓரிரவில் முடித்துத் தரவேண்டும் என்றால் மீத்தைல் மெத்தாக்ரிலேட் வகை இருக்கிறது. உறைநிலைக்குக் கீழும் ஓரிரு மணி நேரத்தில் இறுகிவிடும்; எனினும் அதன் நெடி மிகக் கடுமையானது, போடும்போது தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அருகில் திறந்த உணவுப் பொருள் இருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது. வெயில் விழும் முகப்புக் கூடங்களுக்கும் காட்சியறைகளுக்கும் எபாக்ஸியின் மேல் நிறம் மாறாத பாலிஆஸ்பார்ட்டிக் அல்லது பாலியூரித்தேன் மேற்பூச்சு கேட்டு வாங்க வேண்டும்.

கனம் தனியான முடிவு. உருளையால் பூசும் பெயிண்ட் போன்ற எபாக்ஸி 150 முதல் 300 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுதான் நிற்கும். ஆள் நடக்கும் இடங்களுக்கு அது போதும். தானாகப் பரவும் வகை 2 முதல் 3 மி.மீ. கனத்தில் நிற்கும், சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத்தைத் தாங்கும். கனரகச் சரக்கு இறங்கும், இரும்பு இழுபடும் இடங்களுக்கு மணல் கலந்த 4 மி.மீ.க்கு மேற்பட்ட பூச்சு வேண்டும். மூன்றையுமே விலைப்பட்டியலில் ‘எபாக்ஸி ஃப்ளோரிங்’ என்ற ஒரே பெயரில் எழுதிவிடுவதால்தான் இரண்டு ஒப்பந்ததாரர்களின் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

கான்கிரீட்டைச் சோதித்தல்

ரெசினைப் பற்றி எவ்வளவு பேசினாலும், தரை நிலைப்பதும் பெயர்வதும் பெரும்பாலும் அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பொறுத்ததே. அதிலும் ஈரம்தான் முதல் எதிரி. தரைத்தளக் கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரிக்காமல் கட்டிய பழைய கட்டிடங்களில் நிலத்தடி ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஈரத்தை வெளியேறவிடாத ரெசின் அதை மூடியதும் கொப்புளங்கள் எழும்பும். ஊசியால் குத்தினால் உள்ளிருந்து அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும்.

இதை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமுள்ள கண்ணாடித் தாள் போன்ற தடித்த பாலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்திவலைகள் இருந்தாலோ, கான்கிரீட் அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருந்தாலோ ஈரம் உண்டு என்று பொருள். ஏஎஸ்டிஎம் டி 4263 தரநிலை சொல்லும் முறை இதுதான். ஆனால் இது ஈரத்தின் அளவைச் சொல்லாது. ஆழத்தில் இருப்பதைத் தவறவிடவும் கூடும். எனவே பெரிய வேலைகளுக்கு, கான்கிரீட்டில் துளையிட்டுள்ளே உணரியைப் பொருத்தி ஈரப்பதத்தை அளக்கும் சோதனையையும் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் தரநிலையின் வரம்பு 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம்.

சென்னை, கடலூர் போன்ற கடலோர நகரங்களில் மே மாதம் எடுத்த அளவை மட்டும் நம்பக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறியபின் அதே தரை வேறு அளவைக் காட்டும். புதிய கான்கிரீட்டுக்கு 28 நாள் போதும் என்று சொல்வதும் பாதி உண்மைதான்: அது வலிமை சேரும் காலம். 150 மி.மீ. கனமுள்ள தளம் உலர்வதற்குப் பல மாதங்கள் ஆகலாம். காத்திருக்க முடியாதென்றால் ஈரத்தடுப்பு எபாக்ஸி பிரைமருக்குச் செலவிட வேண்டும், அல்லது பியூ கான்கிரீட்டுக்கு மாற வேண்டும்.

அடுத்தது மேற்பரப்பு. வார்க்கும்போது மேலே மிதந்து காய்ந்த சிமெண்ட் பால் படலம் பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். சாவியால் கீறினால் மாவாக உதிரும். அதன்மேல் எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். உறிஞ்சப்படாமல் முத்துப்போல் நின்றால் எண்ணெயோ, புதிய கான்கிரீட் சீக்கிரம் காயாமலிருக்கப் பூசிய இரசாயனமோ இருக்கிறது. வைரக் கல் கொண்டு அரைப்பது, எஃகுக் குண்டுகளை வீசித் தேய்ப்பது ஆகிய இரண்டுமே ஏற்கத்தக்க முறைகள். கனமான பூச்சுகளுக்குப் பின்னதே சிறந்தது. அமிலம் ஊற்றிக் கழுவுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது உப்பையும் ஈரத்தையும் உள்ளே விட்டுச்செல்லும். தேய்த்தபின், மேற்பரப்பில் ஒட்டிய உலோக வில்லையை இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் சதுர மி.மீ.க்கு 1.5 நியூட்டனாவது கான்கிரீட் தாங்க வேண்டும். கட்டிடம் விரிந்து சுருங்குவதற்காக விட்ட இடைவெளிகளான அசைவு இணைப்புகளைப் பூச்சால் மூடிவிடாமல், மேல்வரை கொண்டுவந்து நெகிழும் பொருளால் நிரப்ப வேண்டும்.

சில இடங்களின் தனித் தேவைகள்

உணவு ஆலைகளில் தரை நல்ல நிலையில், வழவழப்பாக, எளிதில் சுத்தம் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு உணவு உரிம விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணை சொல்வது. ஆனால் ஈரத்தில் வழவழப்பு என்பது வழுக்கல். ஆகவே சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாக்கி, தரையை வடிகாலை நோக்கிச் சாய்த்து, ஆள் நடக்கும் ஈரப் பகுதியில் குவார்ட்ஸ் மணல் தூவிய சொரசொரப்பைக் கேட்பதே சரி. வழுக்கலை அளக்கும் ஊசல் சோதனையில் ஈர நிலையில் 36-க்குக் குறையாத மதிப்பு வர வேண்டும். மின்னணுப் பொருள் கூடங்களுக்கு நிலைமின்சாரத்தைக் கடத்தும் வகை தேவை. பூச்சுக்கு அடியில் செப்புப் பட்டைகளைப் பதித்து நிலத்தோடு இணைத்து, முடிந்தபின் தடையை அளந்து 100 கோடி ஓமுக்குக் கீழே இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அதன்மேல் மெழுகுப் பாலிஷ் போட்டால் செய்த செலவெல்லாம் வீண்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

விலைப்பட்டியலில் பொருளின் முழுப் பெயர், ஒவ்வோர் அடுக்கின் உலர்ந்த கனம், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பவை இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 500 சதுர மீட்டருக்கு 2 மி.மீ. என்றால் 1,000 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ அடர்த்தியுள்ள பொருளில் 1,500 கிலோ, அதாவது 30 கிலோ செட் (ரெசினும் அதை இறுகவைக்கும் பொருளும் சேர்ந்த பொதி) 50. வேலை முடியும் நாளில் காலி டின்களை எண்ணிப் பாருங்கள். 30 செட்தான் இருக்கிறது என்றால் தரையில் 2 மி.மீ. இல்லை.

பூசும் நேரத்தையும் எழுதுங்கள். தரையின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலைப் புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 32 டிகிரி காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும் சென்னைக் காலையில் பனிநிலைப் புள்ளி ஏறத்தாழ 28 டிகிரி. இரவெல்லாம் குளிர்ந்த கான்கிரீட் 29 டிகிரியில் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின்மேல் பிரைமர் விழும் அபாயம் உண்டு. மேலும், வெயில் ஏறும்போது கான்கிரீட்டிலுள்ள காற்று விரிந்து பூச்சில் ஊசித் துளைகளை உண்டாக்கும் என்பதால், மாலையில் தரை சூடு தணியும் வேளையே ஏற்றது. எபாக்ஸியில் ஆள் நடப்பதற்கு ஒரு நாள், இரசாயனமும் நீரும் படுவதற்கு ஏழு நாள் என்ற இடைவெளியை உற்பத்தி அட்டவணையிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

முழு வேலைக்கும் முன்பணம் தரும் முன், ஆலையின் மிக மோசமான மூலையில், கொதிநீரும் அமிலமும் கைவண்டியும் சேரும் இடத்தில், ஒரு சதுர மீட்டர் மாதிரியைப் போடச் சொல்லுங்கள். முகப்பில் போட்டுக் காட்டும் மாதிரி எதையும் நிரூபிக்காது. மூலையில் போட்ட மாதிரி இறுகிய ஏழு நாளுக்குப் பின் ஒரு மாதம் வழக்கம்போல் அதன்மேல் வேலை நடக்கட்டும். பின்னர் சுத்தியலின் பிடியால் தட்டிக் கேளுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு எழும்பியிருக்கிறது, கெட்டியாக ஒலித்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்.