ப்ளூ-ரே வாங்கியும் தெளியாத படம்: என் அனுபவம்

40 அங்குலத் தொலைக்காட்சிக்கென்று ப்ளூ-ரே பிளேயர் வாங்கி, ஏற்கெனவே டிவிடியாக வைத்திருந்த படத்தின் ப்ளூ-ரே வட்டைப் போட்டுப் பார்த்தபோது, எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் ஒரு சட்டகத்திற்கு 720 × 576 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 1920 × 1080, அதாவது ஐந்து மடங்கு. அது கண்ணில் படவே இல்லையென்றால் எங்கோ கோளாறு என்று தோன்றியது.

கோளாறு பிளேயரின் முதுகுப்புறம் இருந்தது. பழைய பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வயரையே இதிலும் செருகியிருந்தேன். மஞ்சள் முனை வழியே சாதாரணத் தரப் படம் மட்டுமே போகும். உயர்தரப் படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ வயர் மாட்டி, பிளேயரின் அமைப்பில் 1080பி (அதாவது முழு 1920 × 1080 படம்) என்று வைத்தேன்.

பிறகு இரண்டு வட்டுகளையும் படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் நிறுத்தி ஒப்பிட்டேன். டிவிடியில் பொடி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கலாக நிற்க, ப்ளூ-ரேயில் ஒவ்வொன்றும் தனித்தனியே படிக்கக் கிடைத்தது. எழுத்தோரங்களில் வெண்கோடு தெரிந்ததால், தொலைக்காட்சியின் ஷார்ப்னஸ் அளவையும் குறைத்தேன். கடையில் பளிச்சென்று காட்டத்தான் அதைக் கூட்டி வைப்பார்களோ என்னவோ.

ஆனாலும் 12 அடி தள்ளியிருந்த சோபாவில் உட்கார்ந்தால் இரண்டும் மறுபடி ஒன்றுபோலவே தோன்றின. நாற்காலியை 6 அடிக்கு இழுத்துப் போட்ட பிறகுதான் நடிகரின் சட்டை நெசவு தெரிந்தது. சோபாவை நகர்த்த வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.